படத்தில் தெரிந்த வெள்ளை

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷமாக யோசித்துக்கொண்டே இருந்தேன். பேனாவை எடுப்பேன், பிள்ளையார் சுழி போடுவேன், அத்தோடு மூடி வைத்துவிடுவேன். நான் படித்தது பத்தாவது வரைக்கும்தான். எலும்பு, ரசாயனம் என்று பெரிய விஷயங்களைப் பற்றி எழுத நான் யார் என்று ஒரு கூச்சம். இன்னொன்று, யாரைப் பற்றி எழுத நினைத்தேனோ அவருக்குப் புகழ்ச்சி என்றாலே ஆகாது. யாராவது நல்லபடியாகச் சொல்ல ஆரம்பித்தால், "உலை ஆறிடுச்சான்னு பாருங்கண்ணா" என்று பேச்சை மாற்றிவிடுவார். கடைசியில் போன் போட்டு அனுமதி கேட்டேன். "என் பேரைப் போடாம எழுதறதா இருந்தா எழுதுங்க" என்றார். அதனால் மேடம் என்றே எழுதுகிறேன்.

போன மாதம் நான் நம் கம்பெனி யூனிட்டுக்கு வந்திருந்தபோது புதிதாகச் சேர்ந்த நீங்கள் நாலைந்து பேர் ஒரு எக்ஸ்ரே படத்தைச் சுற்றி நின்றிருந்தீர்கள். "ஐயா, பாருங்க, நம்ம மெட்டீரியல் எவ்ளோ பளிச்சுன்னு உக்காந்திருக்குது!" என்று ஒரு தங்கச்சி சந்தோஷமாகக் காட்டியது. நானும் தலையாட்டிவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்த பிறகு சோறு இறங்கவில்லை. சாயந்திரம் விளக்கேற்றிக் கும்பிட்டுவிட்டு உட்கார்ந்தேன். இந்தத் தடவை மூடி வைக்கவில்லை.

முதலில் நான் இந்த வேலைக்கு வந்த கதை. அதற்கு முன்னால் ஓசூர் பக்கம் ஒரு டைல்ஸ் கம்பெனியில் சூளை பார்த்துக்கொண்டிருந்தேன். அதை மூடியதும், தருமபுரிக்கு வெளியே தொழிற்பேட்டையில் ஒரு சின்ன கம்பெனிக்கு உலை பார்க்க ஆள் வேண்டும் என்றார்கள். அடிபட்டு எலும்பில் பள்ளம் விழுந்தால் அதை நிரப்பும் பொருள் அங்கே செய்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும் என் சம்சாரம் கேட்ட முதல் கேள்வி, "என்னா எலும்புங்க அது? மாட்டெலும்பா? அப்படின்னா குளிக்காம நம்ம வூட்டுப் பூஜை ரூம்புக்குள்ள கால் வெக்காதீங்க."

எனக்கும் அந்த உறுத்தல் இருந்தது. சேர்ந்த மறுநாளே, அந்தப் பொருளை வடிவமைக்கிற மேடத்திடம் தயங்கித் தயங்கிக் கேட்டேன். படித்தவர்கள் இப்படிக் கேட்டால் சிரிப்பார்கள். அவர் சிரிக்கவில்லை. ஒரு கண்ணாடித் தட்டில் கொஞ்சம் கொட்டிக் காட்டினார். வெள்ளை வெளேரென்று நொறுங்கின ஜவ்வரிசி மாதிரி இருந்தது.

"மாடும் இல்ல, ஆடும் இல்லண்ணா. நம்ம எலும்புல இருக்கிற அதே சுண்ணாம்புச் சத்து, அதே பாஸ்பரஸ். உப்புங்களைச் சேர்த்து நாமளே செய்யறோம். மாட்டெலும்புல இருந்து செய்யறவங்களும் இருக்காங்க, அதுவும் நல்லா வேலை செய்யும். நாம செய்யறது இது. அண்ணிகிட்டத் தைரியமா சொல்லுங்க."

போட்டிச் சரக்கைக் குறை சொல்லாமல் தன் சரக்கைச் சொல்லுகிறவரை அன்றைக்குத்தான் முதல் முதலாகப் பார்த்தேன்.

நான் நெற்றி நிறைய விபூதி பூசுகிறவன். தூள் கலக்குகிற அறைக்குள் ஒரு துளி தூசி போகக் கூடாது. இதைச் சொன்னால் நான் வருத்தப்படுவேனோ என்று மற்றவர்கள் தயங்கினார்கள். மேடம் நேராகச் சொன்னார்: "உள்ள வர்றப்போ கழுவிக்கிட்டு வாங்கண்ணா. வெளிய போனதும் பூசிக்கோங்க. சாமி வாசல்ல காத்திருப்பாரு." எனக்கு ஒன்றும் மனத்தாங்கல் வரவில்லை. தினமும் கழுவிக்கொண்டு போனேன், வந்து பூசிக்கொண்டேன்.

எங்களோடு அச்சு வேலை பார்க்கிற பாய் ஒருவர் இருந்தார். தருமபுரி டவுன்காரர், கைத்திறமையுள்ள மனுஷன், வாயும் சும்மா இருக்காது. உலையிலிருந்து வந்த கழிவுத் துண்டு ஒன்றை எடுத்து மேடம் நாக்கில் வைத்துப் பார்ப்பார். உள்ளே நுண்ணிய ஓட்டைகள் சரியாக விழுந்திருந்தால் எச்சிலை உறிஞ்சிக்கொண்டு நாக்கில் ஒட்டிக்கொள்ளும். ஓட்டை வழியாகத்தான் ரத்தம் போகும், ரத்தம் போனால்தான் புது எலும்பு வரும். மெஷினில் வைத்துப் பார்க்கிற சோதனையெல்லாம் பிறகு தனியாக நடக்கும், இது கை வேகத்துக்கு. ஒரு நாள் பாயிடம் துண்டை நீட்டினார்.

"மேடம், நோம்பு. நாக்கை மட்டும் கேக்காதீங்க."

"அப்ப உதட்டுல வெச்சுப் பாருங்க பாய்."

"உதடும் நோம்புதான் மேடம்."

"சரி, அண்ணா நீங்க?"

"வெள்ளிக்கிழமை விரதமுங்க" என்றேன்.

தானே நாக்கில் வைத்துக்கொண்டு மேடம் சொன்னார்: "உங்க ரெண்டு பேர் சாமிக்கும் நடுவுல நான் ஒருத்தி சுண்ணாம்பு தின்னுக்கிட்டிருக்கேன்."

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

வத்தல்மலையில் மாதம்மாள் என்று ஒரு அம்மா. நாற்பது வயசு இருக்கும். புருஷன் இல்லை. சரிவில் கொஞ்சம் நிலம், ராகியும் சாமையும் போடுவார். தலையில் விறகுக் கட்டைச் சுமந்துகொண்டு இறக்கத்தில் இறங்கும்போது வழுக்கி விழுந்து, முட்டிக்குக் கீழே கால் எலும்பின் மேல்பக்கம் உள்வாங்கிவிட்டது. தட்டு மாதிரி சமமாக இருக்க வேண்டிய இடம் நடுவில் அமுங்கிப்போனது. டவுனில் ஒரு ஆஸ்பத்திரியில் இளவயசு எலும்பு டாக்டர் பார்த்தார். அமுங்கினதைத் தூக்கி நிறுத்தி, அடியில் விழும் பள்ளத்தை நம் பொருளால் நிரப்பி, பிளேட்டும் ஸ்குரூவும் போட வேண்டும். அதற்காக மேடத்துக்குப் போன் செய்தார். ஸ்பீக்கரில் போட்டுப் பேசியதால் நானும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

பள்ளம் எவ்வளவு ஆழம் என்று மேடம் கேட்பார் என்று நினைத்தேன். அவர் முதலில் கேட்டது, "அந்தம்மா என்னா வேலை செய்யறாங்க டாக்டர்?"

"விவசாயம். மலையில."

"மேடா, சமமா?"

"அதை நான் கேக்கலையே மேடம்."

"கேட்டுச் சொல்லுங்க. இறக்கத்துல இறங்கறவங்களுக்கு மொத்தக் கனமும் முட்டிக்கு அடியிலதான் விழும்."

அப்போது நம்மிடம் இரண்டு விதமான சரக்கு இருந்தது. ஒன்று கெட்டியாகச் சுட்டது. உடம்புக்குள் போனால் வருஷக்கணக்கில் அப்படியே கிடக்கும், அதைச் சுற்றி எலும்பு வளரும். இன்னொன்று மேடம் தனியாக மெனக்கெட்டு வடிவமைத்தது. அதில் ஒரு பங்கு நின்று தாங்கும், ஒரு பங்கு மெல்ல மெல்லக் கரைந்து தன் இடத்தைச் சொந்த எலும்புக்கு விட்டுக்கொடுக்கும். முதலாளிக்குக் கெட்டிச் சரக்குதான் பிடிக்கும். "கல்லு மாதிரி நிக்குதும்மா, டாக்டருங்களுக்கு அதான் வேணும்" என்பார்.

மாதம்மாளுக்கு மேடம் இரண்டாவதைத்தான் அனுப்பச் சொன்னார். "இன்னும் முப்பது வருஷமாவது அவங்க அந்த இறக்கத்துல இறங்கணும் டாக்டர். கல்லு மேல நிக்கற முட்டி வேண்டாம். சொந்த எலும்பு மேல நிக்கட்டும். ஆனா இது எலும்பா மாற நாளாவும். அது வரைக்கும் அந்தக் கால்ல கனம் போடவே கூடாது. அதை மட்டும் கண்டிப்பா சொல்லிடுங்க."

டாக்டரும் சொன்னார். வாக்கர் கொடுத்து, பாதத்தைத் தரையில் சும்மா தொடலாம், ஊன்றக் கூடாது என்று நடந்தே காட்டினாராம். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது.

சில வாரம் போனது. ஒரு நாள் மாதம்மாளின் அண்ணன் எங்கள் கம்பெனி வாசலில் வந்து நின்றார். ஒரு பை நிறையச் சாமை, ஒரு சீப்பு வாழைப்பழம், கையில் எக்ஸ்ரே கவர். தங்கச்சி காலுக்கு மருந்து செய்தவர்களைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் போக வந்தாராம். மேடம் அன்று ஒரு சோதனைக்காகப் பெங்களூர் போயிருந்தார்.

முதலாளி படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். முட்டிக்கு அடியில் எங்கள் பொருள் இருந்த இடம் மட்டும் பாலாடை மாதிரி வெள்ளையாக, சுற்றியிருந்த எலும்பைவிடப் பளிச்சென்று தெரிந்தது.

"பாத்தீங்களா? உங்க தங்கச்சி எலும்பைவிட இது ஸ்ட்ராங்கு!" என்றார் முதலாளி.

"அப்ப நல்லா பிடிச்சிக்கிச்சுங்களா?"

"பிடிச்சிக்கிச்சாவா? இரும்புங்க!"

பாயும் நானும் பக்கத்தில் நின்று ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினோம். அந்த அண்ணன் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "மலையில காலு இல்லாதவளுக்கு வேலை இல்லீங்க. நிலத்தை வித்துட்டு டவுன்ல வந்து பாத்திரம் தேய்க்கணும்னு அழுதுக்கிட்டு இருந்தா. நீங்க சாமி மாதிரி" என்றார். முதலாளிக்கு ஒரே பெருமை. படத்தைப் போனில் பிடித்து வைத்துக்கொண்டார், விளம்பரத் தாளில் போட வேண்டும் என்று. நான் கேட்டுக்குப் பக்கத்துப் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைத்தேன்.

இரண்டு நாள் கழித்து மேடம் வந்தார். ஓடிப் போய்ச் சொன்னோம். முதலாளி போனைக் காட்டினார். மேடம் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். முகத்தில் சிரிப்பு வரவில்லை.

"நல்லாருக்கும்மா, இல்ல?" என்றார் முதலாளி.

"டாக்டர் வேலை நல்லாருக்கு சார். ஆனா இந்த வெள்ளை நம்மது. அவங்களது இல்ல."

"என்னா சொல்றே?"

"ஒரு சாக்கட்டியைப் படம் எடுத்தாலும் இப்படித்தான் வெள்ளையா தெரியும். உள்ள புது எலும்பு வந்துச்சா இல்லையான்னு இதுல தெரியாது. இந்த வெள்ளை மங்கி, பக்கத்து எலும்போட கலந்து, எது எதுன்னு தெரியாம போவணும். அப்பத்தான் பிடிச்சதுன்னு அர்த்தம்." பிறகு என் பக்கம் திரும்பினார். "அந்த அண்ணன்கிட்ட என்னா சொன்னீங்க?"

சொன்னோம். இரும்பு என்றதையும் சொன்னோம்.

"அய்யோ தேவரே" என்றார். மேடம் வீட்டில் கன்னடம் பேசுவார்கள், பாலக்கோடு பக்கம். தேவரே என்றால் கடவுளே என்று அர்த்தம், பயந்தால்தான் அவர் வாயில் அது வரும். "அவங்க அதை நம்பி நடக்க ஆரம்பிச்சா என்னா ஆவுறது? ஊன்றதுக்குத் தாங்காது, மறுபடியும் அமுங்கிடும்."

அந்த அண்ணனின் போன் நம்பருக்கு அடித்தோம். கிடைக்கவில்லை, மலையில் சிக்னல் வருவதும் போவதுமாக இருக்கும். மறுபடி மறுபடி அடித்ததில் அவர் வீட்டுப் பிள்ளை யாரோ எடுத்தது. "அத்தைக்குக் காலு கெட்டி ஆயிடுச்சுங்க. வேண்டுதல் செலுத்தறதுக்காக எல்லாரும் டெம்போல தீர்த்தமலைக்குப் போயிருக்காங்க. அத்தை நடந்தே ஏறுதாம்."

மேடம் போனை வைத்தார். தீர்த்தமலையில் படியேறிப் போக வேண்டும், உங்களுக்கே தெரியும். நல்ல முட்டியே கெஞ்சும்.

உடனே டாக்டருக்குப் போன் போட்டார். டாக்டர் ஆபரேஷனுக்குள் போகிற நேரம். "நான் வர முடியாது மேடம். தயவு செஞ்சு நீங்க போய்த் தடுத்துடுங்க. நான் சொன்னேன்னு சொல்லுங்க" என்றார். டாக்டரைக் கேட்காமல் அவர் நோயாளியிடம் ஒரு வார்த்தைகூடப் பேசக் கூடாது என்பது மேடத்தின் கறார். அவ்வளவு பதற்றத்திலும் அதை விடவில்லை பாருங்கள்.

முதலாளி குறுக்கே வந்தார். கெட்ட மனுஷன் இல்லை அவர், கஷ்டப்பட்டுக் கம்பெனியை நடத்துகிறவர். "யோசிச்சுப் பாரும்மா. கோயில் கூட்டத்துல போயி எங்க சரக்கு இன்னும் பிடிக்கலைன்னு நீயே சொன்னா என்னா ஆவும்? நாளைக்கு ஜில்லா பூரா பேச்சாயிடும். மருந்து கடைக்காரன்கூட வாங்க மாட்டான். கால் ஊனக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியாச்சு, மீறினது அவங்க."

"மீறச் சொன்னது நாம சார்" என்றார் மேடம். அவ்வளவுதான். சத்தம்கூட உயர்த்தவில்லை. முதலாளி கம்பெனி ஆம்னி வேன் சாவியை எடுத்துப் பாயிடம் வீசினார்.

பாய் ஓட்டினார், நான் முன்னால், மேடம் பின்னால். கம்பைநல்லூர் வழியாகப் போனோம். அன்று பார்த்து அங்கே சரக்கு ஏற்றின வண்டிகள் ரோட்டை அடைத்துக்கொண்டு நின்றன. பாய் இறங்கிப் போய், "அண்ணே, ஒரு அம்மா காலு போவப் போவுது, கொஞ்சம் ஒதுங்குங்கண்ணே" என்று ஒவ்வொரு வண்டியாகக் கெஞ்சினார். எந்த அம்மா, எந்தக் கால் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. ஒதுக்கிவிட்டார்கள். நான் மனசுக்குள் தீர்த்தகிரீஸ்வரா, கொஞ்சம் பொறுத்துக்கோ என்று சொல்லிக்கொண்டே வந்தேன். அவரிடமே போய் அவருக்கு வருகிற காணிக்கையை நிறுத்தப் போகிறோமே என்று ஒரு பயமும் இருந்தது.

மலையடிவாரத்தில் டெம்போ நின்றது. அதற்குள் வாக்கர் மடக்கிக் கிடந்தது. அதைப் பார்த்ததும் மேடம் ஓடவே ஆரம்பித்தார்.

நல்லவேளை, அதிகம் ஏறியிருக்கவில்லை. கொஞ்சம் படி ஏறி, அண்ணன் தோளைப் பிடித்து, மஞ்சள் புடவையில், வெறுங்காலோடு மாதம்மாள் நின்றிருந்தார். முகத்தில் வலியும் இருந்தது, சந்தோஷமும் இருந்தது. கூட ஏழெட்டுப் பேர் சொந்தக்காரர்கள்.

அண்ணன் என்னை அடையாளம் தெரிந்துகொண்டு, "வாங்க வாங்க, நீங்களும் வந்துட்டீங்களா!" என்று சிரித்தார். நான் மேடத்தைக் காட்டி, "இவங்கதான் அந்த மருந்தைச் செஞ்சவங்க" என்றேன். மாதம்மாள் கையெடுத்துக் கும்பிட்டார்.

"அம்மா, முதல்ல உக்காருங்க" என்றார் மேடம். மூச்சு வாங்கியது. "ஏறக் கூடாது. அந்தக் கால் இன்னும் சேரலை."

அண்ணனின் சிரிப்பு போய்விட்டது. "என்னாங்க இது? உங்க ஆளுங்கதானே அன்னிக்கு இரும்புன்னாங்க?"

"சொன்னாங்க. அது தப்புங்க."

"அன்னிக்குப் பளிச்சுன்னீங்க, இன்னிக்குப் பொக்குன்றீங்க. எதைத்தான் நாங்க நம்பறது?"

மேலே போகிறவர்கள், கீழே வருகிறவர்கள் எல்லாரும் நின்றுவிட்டார்கள். கையில் கட்டுப் போட்ட ஒருத்தர் கூட்டத்திலிருந்து கேட்டார்: "உங்க கம்பெனி பேரு என்னாம்மா? எனக்கும் ஏதோ வெக்கணும்னு சொல்லியிருக்காங்க. உங்களது வேணாம்னு சொல்லணுமே." நாலு பேர் சிரித்தார்கள்.

எனக்கு முதலாளி சொன்னது நினைவு வந்தது. மேடம் அந்த ஆளைத் திரும்பிப் பார்த்து, கம்பெனி பேரை முழுசாகச் சொன்னார். ஊரையும் சேர்த்துச் சொன்னார். "உங்க டாக்டர்கிட்டக் கேட்டு முடிவு பண்ணுங்க" என்றார். அவ்வளவு பேர் முன்னால் ஒரு மறைப்பும் இல்லாமல். பாய் என் கையைக் கிள்ளினார். அந்தக் கிள்ளுக்கு என்ன அர்த்தம் என்று நான் கேட்டதில்லை, இப்படியும் ஒருத்தரா என்றுதான் எனக்கும் தோன்றியது.

பிறகு மாதம்மாளின் முன்னால் படியில் உட்கார்ந்தார். "அம்மா, படத்துல நீங்க பாத்த வெள்ளை நான் செஞ்ச தூளு. அது இன்னும் தூளாவேதான் இருக்கு. அதுக்குள்ள உங்க எலும்பு இப்பத்தான் நுழைஞ்சுக்கிட்டிருக்கு. வெளிய பாத்தா முழுசா இருக்கு, உள்ள இன்னும் கெட்டிப்படலை. நீங்க ஊன்றினா நசுங்கிடும். எங்க ஆளுங்க சொன்ன தப்பைத் திருப்பி வாங்கிக்கத்தான் வந்தேன்."

மாதம்மாள் தன் காலைத் தடவிப் பார்த்தார். பிறகு கேட்டார்: "நான் திரும்பிப் போனா சாமி கோவிச்சுக்காதா?"

கோவிச்சுக்காது என்று சொல்ல எனக்கு வாய் வரைக்கும் வந்துவிட்டது. காரியம் ஆக வேண்டுமே. மேடம் என்ன சொன்னார் தெரியுமா?

"அது எனக்குத் தெரியாதும்மா. தெரியாததைச் சொல்ல மாட்டேன். இந்தக் காலைப் பத்தி மட்டுந்தான் எனக்குத் தெரியும்."

மாதம்மாள் மேடத்தின் முகத்தையே பார்த்தார். அப்புறம் மெதுவாகச் சொன்னார்: "கதிரு வந்துடுச்சு, மணி இன்னும் பால்தான்றே."

"ஆமாம்மா" என்றார் மேடம்.

"அண்ணே" என்று அந்தம்மா திரும்பினார். "பால் கதிரை அறுத்து நாம சாமிக்குப் படைச்சிருக்கோமா?"

"அதெப்படிப் படைப்பாங்க?" என்றார் அண்ணன், கோபம் குறையாமல்.

"அப்ப நானே இன்னும் விளையலை. பச்சையா இருக்கறவளைக் கொண்டுபோயி எப்படிப் படைக்கறது? கெட்டியானப்பறம் வர்றேன். நீங்க போயிக் கும்பிட்டு வாங்க." சொல்லிவிட்டுப் படியிலேயே உட்கார்ந்துகொண்டார். அதற்குப் பிறகுதான் வலியைக் காட்டி முகத்தைச் சுளித்தார். அது வரைக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றிருக்கிறார்.

பாயும் அண்ணனும் நாற்காலி மாதிரி கை கோத்துத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். "பாய், கீழ போட்டுடாதீங்க, நான் இன்னும் பச்சை" என்றார் மாதம்மாள். "நானும் பழுக்காதவன்தாம்மா, பயப்படாதீங்க" என்றார் பாய். அண்ணன்கூடச் சிரித்துவிட்டார்.

நேராக ஆஸ்பத்திரி. அன்றே படம் எடுத்தார்கள். டாக்டர் அளந்து பார்த்தார். நாங்கள் வெளியே நின்றோம், மேடம் மட்டும் உள்ளே. வந்து சொன்னார்: "ஒரு நூல் அளவு இறங்கியிருக்கு. இதுக்கு மறுபடி ஆபரேஷன் வேணாம்கிறாரு. இதோட நின்னா நடக்கலாம், வேலையும் செய்யலாம்."

"நின்னுச்சே மேடம், அது போதும்" என்றேன்.

"அந்த ஒரு நூலு நம்மால போச்சுண்ணா" என்றார். அதை மாதம்மாளிடமும் அவரே சொன்னார், டாக்டர் பக்கத்தில் இருக்கும்போதே. ஒளிக்கவில்லை.

முதலாளி பயந்தபடியே கொஞ்ச காலம் ஆர்டர் குறைந்தது. அதை மறைக்க மாட்டேன். மேடம் தன் வேலையைப் பார்த்தார். ஆனால் அன்றிலிருந்து ஒவ்வொரு பெட்டியிலும் தமிழில் ஒரு சீட்டு வைக்கச் சொன்னார், படத்தில் வெள்ளையாகத் தெரிவது இன்னும் உங்கள் எலும்பு அல்ல என்று. சின்ன எழுத்தில் போட முதலாளி சொன்னார். மேடம் பெரிய எழுத்தில் போட்டார்.

மாதம்மாள் அதற்குப் பிறகு டாக்டர் சொன்ன காலம் முழுக்க, அதற்கு மேலும், காலை ஊன்றவே இல்லை. அந்த வருஷ விதைப்பை அண்ணன் குடும்பம் பார்த்துக்கொண்டது. அவ்வப்போது டாக்டர் படம் அனுப்புவார். ஒவ்வொரு படத்திலும் வெள்ளை கொஞ்சம் கொஞ்சமாக மங்கிக்கொண்டே வந்தது. கடைசியாக ஒரு படம் வந்தது. மேடம் மேஜை விளக்கில் வைத்து, பென்சில் முனையால் தேடினார். இங்கே ஆரம்பித்து இங்கே முடியும் என்று காட்டப் பார்த்தார், முடியவில்லை. எங்கே நம்முடையது, எங்கே அந்த அம்மாவுடையது, ஒன்றும் தெரியவில்லை. "காணோம்ணா" என்றார். அவ்வளவு சந்தோஷமாக அந்த வார்த்தையை நான் யார் வாயிலும் கேட்டதில்லை. இத்தனை வருஷம் ராத்திரி பகலாக உழைத்து ஒரு பொருளை உண்டாக்கி, அது இருந்த சுவடே தெரியாமல் போனதைப் பார்த்துச் சிரிக்கிற மனசு சாமி கொடுத்தால்தான் வரும் என்று எனக்குத் தோன்றியது. எலும்பை வளர்க்கிறவர் அந்தச் சாமி. நாம் வழிவிடுகிறவர்கள். இதை மேடம் என்னிடம் சொன்னதில்லை. அவர் வேலை செய்ததைப் பார்த்து நானாகத் தெரிந்துகொண்டது.

முதலாளி வந்து எட்டிப் பார்த்தார். "இதுல ஒண்ணுமே தெரியலையேம்மா. விளம்பரத்துல எப்படிப் போடறது?"

"ஒண்ணுமே தெரியலைன்னு போடுங்க சார்."

அடுத்த தடவை மாதம்மாள் தீர்த்தமலை ஏறியபோது நானும் சம்சாரமும் கூடப் போனோம். மேடத்தைக் கூப்பிட்டார்கள். உலையில் சரக்கு இருக்கிறது என்று சொல்லிவிட்டார். மாதம்மாள் முதல் சாமைக் கதிரை முந்தானையில் முடிந்து எடுத்து வந்திருந்தார். மெதுவாகத்தான் ஏறினார். பல இடத்தில் உட்கார்ந்தார். மேலே போய்ச் சாமியின் முன்னால் கதிரை வைத்துவிட்டுக் கும்பிட்டார். இறங்கும்போதுதான் ரொம்பச் சிரமப்பட்டார். அண்ணன் கை கொடுக்க வந்தார், வேண்டாம் என்று தானே இறங்கினார்.

இப்போதும் வத்தல்மலையில்தான் இருக்கிறார். நிலம் அவர் கையில்தான் இருக்கிறது. மழைக்காலத்தில் அந்த முட்டி வலிக்கிறதாம். முன்போல மடக்கி உட்கார முடியாது, ஒரு பக்கமாகச் சாய்ந்துதான் களையெடுக்கிறார்.

தம்பிகளே, தங்கச்சிகளே, உங்களுக்குப் பிறகு வருகிறவர்களுக்கும் இதைச் சொல்லுங்கள். சொல்லும்போது சுவைக்காக எதையும் சேர்க்காதீர்கள். தீர்த்தகிரீஸ்வரர் அற்புதம் செய்தார், அந்த அம்மா ஓடியே மலை ஏறினார் என்று யாராவது சொன்னால் திருத்துங்கள். சாமிக்கு அந்தப் பொய் தேவையில்லை, மேடத்துக்கும் தேவையில்லை. கம்பெனி பேர் கெடுமே என்று எங்கள் தலையாட்டலையும் விட்டுவிடாதீர்கள். அந்த முட்டியில் ஒரு நூல் இறங்கியது. அதைக் குறைத்தும் சொல்ல வேண்டாம், கூட்டியும் சொல்ல வேண்டாம். ஒரு நூல் என்றே சொல்லுங்கள்.